இரண்டு நிமிட வாசிப்பு

சாயங்காலம் ஏழு மணி அடித்தால் தனபாலுக்கு உலகத்தில் வேறு வேலையே கிடையாது. மழைத் தூறல் விழுகிறது, தார்ப்பாய் போடுங்கள் என்று யார் கத்தினாலும் காதில் ஏறாது. எடைமேடைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொள்வான். இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு போனைக் கண்கொட்டாமல் பார்ப்பான். அவன் சீட்டு விளையாடிக் காசைத் தொலைக்கிறான் என்று களத்து ஆட்கள் முதலில் பேசிக்கொண்டார்கள். அப்புறம், யாரோ பொம்பளை சங்கதி என்றார்கள். அதில் பாதி உண்மை. பொம்பளை சங்கதிதான். ஆனால் அந்தப் பொம்பளைக்கு வயது எட்டு. பெயர் நவ்யா. தனபாலின் ஒரே மகள்.

காங்கேயத்தை ஒட்டி, தேங்காயை உடைத்து வெயிலில் காயப்போட்டுக் கொப்பரையாக்கும் களங்கள் வரிசையாக உண்டு. அதில் ஒன்றில் தனபால் மேஸ்திரி. மகள் இருப்பது கோயமுத்தூரை ஒட்டிய துடியலூரில், அம்மா ரெபேக்காவோடு. பஸ் மாறிப் போனாலும் மூன்று மணி நேரப் பாதைதான். நடுவில் ஒரே ஒரு தடவை போனதைத் தவிர, அந்த மூன்று மணி நேரத்தைத் தாண்ட முடியாமல் அவன் ஒன்றே கால் வருஷமாக இந்தப் பக்கமே கிடந்தான்.

நடந்ததைச் சொன்னால் இதற்கா பிரிந்தார்கள் என்று தோன்றும். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். இவன் கவுண்டர் வீட்டுப் பையன், அவள் துடியலூர் மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடிய பெண். அந்தச் சண்டையை எல்லாம் ஜெயித்து வந்தவர்கள், வேலைச் சண்டையில் தோற்றுப்போனார்கள். மாமன் களத்துக்கு ஆள் வேண்டும் என்று இவன் காங்கேயம் போகலாம் என்றான். பீளமேட்டு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையை விட்டு வர முடியாது என்று அவள் சொன்னாள். பேச்சு வளர்ந்தது. ஒருநாள் தனபால், "இருக்கறவங்க இருக்கலாம், போறவங்க போலாம்" என்று சொல்லிவிட்டான். சொன்ன வாயோடு பையைத் தூக்கிக்கொண்டு போனவனும் அவன்தான். அவள் கூப்பிடுவாள் என்று அவன் காத்திருந்தான். அவன் வருவான் என்று அவள் காத்திருந்தாள். வீம்பில் இரண்டு பேரும் சரிக்குச் சரி. மகளோடு மட்டும் அவ்வப்போது போனில் பேசுவான். நாலு மாதம் ஓடிப்போனது.

ஐந்தாம் மாதம் வெட்கத்தை விட்டுப் போய் நின்றபோது, ரெபேக்கா கேட்டைத் திறக்கவில்லை.

"கோர்ட்டுல கேஸ் போட்டிருக்கேனுங்க. அது ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் வராதீங்க. போன்லயும் பேசாதீங்க. நீங்க பேசி வெச்சீங்கன்னா புள்ள மூணு நாளைக்குச் சோறு திங்க மாட்டேங்குது. அதைப் பாத்துட்டு இருக்க என்னால முடியலீங்க."

அவள் கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். அவள் கெஞ்சினாள். "செரி அம்மணி" என்று திரும்பி வந்துவிட்டான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை நாளும் கட்டுப்பட்டுக் கிடந்தான்.

இந்த வருஷம் ஜூலை முதல் தேதி, சாயங்காலம் ஏழு இருக்கும். சட்டைப்பையில் போன் சிணுங்கியது. 'நவ்யா இன்றைய வாசிப்பை முடித்துவிட்டாள்' என்று திரையில் இருந்தது. தனபாலுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நவ்யாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று, 'சிட்டு' என்ற ஆப்பைப் பெற்றோர் போனில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அன்றைக்கு இவன் எண்ணைத்தான் கொடுத்தார்கள். பின்னால் ரெபேக்கா தன் எண்ணையும் சேர்த்துக்கொண்டாள். இவன் எண்ணை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடம் அதைச் சும்மா வைத்திருந்தது. மூன்றாம் வகுப்புக்கு வந்த அமலி டீச்சர்தான் தூசி தட்டி எடுத்திருந்தார்.

தினமும் டீச்சர் ஒரு பக்கம் போடுவார். குழந்தை அதை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு நிமிஷம்தான், அதற்கு மேல் தானாக நின்றுவிடும். கூடவே ஐந்து கணக்கு. ராத்திரி ஒன்பதுக்குள் முடித்தால் ஒரு பூ பூக்கும். சனி, ஞாயிறு, காலாண்டு லீவு எதுவும் சிட்டுவுக்குக் கிடையாது. விடாமல் நூறு பூ சேர்ந்தால் காலைப் பிரேயரில் மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழ் தருவார்கள். ஒரு நாள் விட்டாலும் அத்தனையும் உதிர்ந்து மறுபடி ஒன்றிலிருந்து.

முதல் நாள் அந்தக் குரலைக் கேட்டபோது தனபால் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதான். அதில் என்ன வெட்கம்? ஆறு மாதத்துக்கு மேலாகக் கேட்காத குரல். இரண்டு நிமிஷத்தைப் பன்னிரண்டு தடவை கேட்டான். நாளாக ஆகக் குரலுக்குப் பின்னால் இருப்பதையும் கேட்கப் பழகினான். குக்கர் விசில் வரும். தூரத்தில் கோயில் மணி அடிக்கும். ரெபேக்காவின் "முதுகை நேரா வெச்சுப் படி" வரும். மேல்பல் ஒன்று விழுந்ததை அவன் காதால்தான் தெரிந்துகொண்டான். அந்த வாரம் முழுக்க வார்த்தைகளோடு காற்றும் சேர்ந்து வந்தது. அது முளைத்து வருவதையும் காதாலேயே தெரிந்துகொண்டான். ஆகஸ்டில் அவளுக்குச் சளி. அவளுக்குச் சளி என்றால் நெஞ்சில் தைலம் தேய்த்தது ஒரு காலத்தில் இவன் கை. இப்போது அந்தக் கை போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது.

எதையும் தொடக்கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தான். கேட்பான், வைப்பான். எதையாவது அழுத்தி, அவன் இருப்பது அங்கே தெரிந்துபோனால் கதை முடிந்தது. கிடைக்கிற இரண்டு நிமிஷமும் போய்விடும்.

தொண்ணூற்றாறு பூ ஆகியிருந்தது. நவ்யாவே ஒவ்வொரு நாளும் வாசிப்பின் முடிவில், "டீச்சர், இன்னிக்கோட தொண்ணூத்தாறு" என்று கணக்குச் சொல்வாள். மேடை ஏறும் ஆசை அவள் குரலில் துள்ளும்.

தொண்ணூற்றேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்குப் போன் சிணுங்கவில்லை. ஏழரைக்கும் இல்லை. எட்டு மணிக்குத் தனபால் தொட்டியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தான். காய்ச்சலாக இருக்குமோ? எங்கேயாவது விழுந்து அடிபட்டுக்கொண்டதோ?

எண்ணெய் மில்லுக்கு லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் அப்துல் மஜீதுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் பீடியை அணைத்துவிட்டு வந்தார்.

"என்னப்பா தனபாலு, குட்டி போட்ட பூனையாட்டச் சுத்தற?"

"புள்ள இன்னும் படிக்கலீங்கண்ணா."

"ஒரு நாள் படிக்காட்டி என்ன, கலெக்டர் வேலை போயிருமா?"

"தொண்ணூத்தாறு பூவுங்கண்ணா. இன்னும் நாலுதான்."

"அப்பிடின்னா ஊட்டுக்குப் போனைப் போட்டுக் கேட்டுப்போடு."

"கேட்டா, அவ படிக்கலைன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாங்களே?"

மஜீத் தாடியைச் சொறிந்தார். "என்னமோ போ" என்று லாரிக்குப் போய்விட்டார்.

எட்டு நாற்பது ஆனது. தனபாலின் விரல், மூன்று மாதமாகத் தொடாத இடத்தைத் தொட்டது. ஐந்து கணக்கும் கழித்தல் கணக்கு. கொப்பரை மூட்டையைக் கணக்குப் பார்ப்பவனுக்கு அது ஒரு பொருட்டா, மளமளவென்று போட்டுவிட்டான். மிச்சம் வாசிப்பு. இங்கேதான் அவன் புத்தி குறுக்கே போனது. இது வெறும் எந்திரம், ஏதோ ஒரு குரல் இருந்தால் பூ பூத்துவிடும், முப்பத்தெட்டுப் பிள்ளைகள் படித்ததையும் டீச்சர் உட்கார்ந்தா கேட்கப்போகிறார் என்று நினைத்தான். சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

பாடம், செருப்பு வாங்கக் கடைவீதிக்குப் போன யானையின் கதை. தனபால் பன்னிரண்டு வரை படித்தவன்தான். ஆனால் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வாய்விட்டு எதையும் படித்ததில்லை. எழுத்தெழுத்தாகத் தடவித் தடவிப் போனான். யானை பேசும் இடம் வந்ததும் எல்லாம் மறந்துபோனது. நவ்யாவை மடியில் வைத்துக்கொண்டு சொல்வது போலவே குரலைத் தடிப்பாக்கி, "ஏனுங்க, நம்ம காலுக்குச் செருப்பு இருக்குதுங்களா? ரண்டு பத்தாதுங்க, நாலு வேணுமுங்க!" என்றான். புத்தகத்தில் அப்படியெல்லாம் இல்லை. முதல் கடையில் இல்லை, இரண்டாம் கடையில் இல்லை. மூன்றாம் கடைக்காரர் குனிந்து யானையின் காலைப் பார்க்கும் இடத்தில் இரண்டு நிமிஷம் முடிந்து பதிவு நின்றுவிட்டது.

அனுப்பினான். திரையில் பூ பூத்தது. தொண்ணூற்றேழு. தன் பிள்ளைக்கு ஒன்றே கால் வருஷத்தில் தான் செய்த ஒரே காரியம் இது என்று நினைத்தபோது மனசு நிறைந்துபோனது. அன்று நன்றாகச் சாப்பிட்டான்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"நவ்யாவோட அப்பாங்களா? நான் அவ கிளாஸ் டீச்சர் பேசறேனுங்க, அமலி."

தனபால் நின்ற இடத்திலேயே கொப்பரைக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"புள்ளைக்கு ஒடம்புக்கு என்னாச்சுங்க டீச்சர்?"

"ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்கா. நேத்து மாதா கோயில்ல தேர் பவனிங்க. வெள்ளைக் கவுன் போட்டு, தேருக்கு முன்னாடி பூத் தூவிட்டுப் போனா. நானும் பாத்தேன். அந்தக் கூட்டத்துல ஆப்பை யாருங்க நெனைப்பா?"

காய்ச்சல் இல்லை. அது போதும் என்று இருந்தது அவனுக்கு. ஆனால் டீச்சர் இன்னும் முடிக்கவில்லை.

"உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாதுன்னு நெனைக்கறேனுங்க. தெனமும் காலைல முதல் பீரியட்ல, சிட்டுவே ஒரு பேரை எடுத்துக் குடுக்கும். அந்தப் புள்ள படிச்சதை கிளாஸ் டிவில போட்டு எல்லாரும் கேப்போம். இன்னிக்கு நவ்யா பேரு வந்துச்சுங்க."

தனபால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"போட்டா ஆம்பளைக் குரலு. யானை அப்பிடியே நம்மூரு ஆளாட்டப் பேசுது. கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க. நவ்யா மட்டும் சிரிக்கலை. எந்திரிச்சு வந்து டிவிக்குக் கிட்ட நின்னுக்கிட்டா. 'டீச்சர், இது எங்கப்பா'ன்னா. இன்னொருக்காப் போடுங்கன்னா. மூணு வாட்டி போட்டேனுங்க."

களத்தில் யாரோ மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவன் கையை மட்டும் ஆட்டினான்.

"அவங்கம்மாகிட்டச் சொல்லாம இருக்க முடியாதுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. மத்தியானம் வந்தாங்க. உங்க நம்பரை எடுத்துரச் சொல்லி எழுதிக் குடுத்தாங்க. எச்.எம். கையெழுத்து போட்டதும் நாளைக்குக் காலைல எடுத்துருவேன். அதை உங்ககிட்டச் சொல்லாமச் செய்ய மனசு வரலீங்க."

கெஞ்சலாமா என்று ஒரு நொடி நினைத்தான். கேட்டுக்கு உள்ளே நின்று கெஞ்சிய ரெபேக்காவின் முகம் ஞாபகம் வந்தது.

"எடுத்துருங்க டீச்சர்," என்றான். பிறகு, "அந்தப் பூவு?" என்று கேட்டான்.

"அவ படிச்சது இல்லீங்களே. அதை எடுத்துட்டேன். நீங்க அனுப்பாட்டியும் போயிருக்குமுங்க. இன்னிக்கு மறுபடி ஒண்ணுல இருந்து." டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "யானையை நல்லாத்தான் படிச்சீங்க. வெச்சுடறேனுங்க."

பூவும் போயிற்று, குரலும் போயிற்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் பூ மட்டும்தான் போயிருக்கும். தனபால் தன்னையே நூறு தடவை திட்டிக்கொண்டான். திட்டத் திட்ட, டிவிக்குப் பக்கத்தில் போய் நின்ற அந்தச் சின்ன உருவம்தான் கண்ணுக்குள் வந்து வந்து நின்றது. எவ்வளவு உயரம் வளர்ந்திருப்பாள்? அதுகூட அவனுக்குத் தெரியாது. குரலுக்கு உயரம் தெரியுமா?

அன்று ஆறரைக்கே தொட்டிக்குப் போய்விட்டான். இதுதான் கடைசி வாசிப்பு. நாளைக்கு இந்நேரம் இந்தப் போனில் ஒன்றும் வராது. ஒரு சொல்லையும் சிந்தாமல் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தான். ஏழு தாண்டிப் பத்து நிமிஷத்துக்குச் சிணுங்கியது.

அன்றைய பாடம் மரங்களின் பயன்கள் என்று திரையில் இருந்தது. கேட்பதற்கான பொத்தானை அழுத்தினான்.

"கடைக்காரர் குனிந்து யானையின் காலைப் பார்த்தார்" என்று நவ்யா ஆரம்பித்தாள்.

தனபால் பதறித் திரையைப் பார்த்தான். மரங்களின் பயன்கள்தான். ஆனால் குழந்தை மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை படிக்கவில்லை. அவன் எங்கே நின்றானோ அங்கேயிருந்து எடுத்துக்கொண்டு போனாள். அளவெடுக்க நூல் பத்தவில்லை. தோல் பத்தவில்லை. நாலாம் கடையில் யானை கெஞ்சியபோது அவள் குரலும் தடித்தது. "ஏனுங்க, கொஞ்சம் பாத்துச் செஞ்சு குடுங்க, கால் சுடுதுங்க!" அவன் பேசிய யானை அப்படியே அவள் வாயில் பேசியது. இன்றைக்குக் குக்கர் சத்தம் இல்லை, முதுகை நிமிர்த்தச் சொல்லும் குரலும் இல்லை. நவ்யா நிறுத்தினாள். கதையில் ஒரு வரி பாக்கி இருந்தது. நேரமும் அரை நிமிஷம் பாக்கி இருந்தது.

பின்னாலிருந்து ரெபேக்காவின் குரல் வந்தது. "இன்னும் ஒரு வரி இருக்குதே கண்ணு."

"அது அப்பாவுக்கும்மா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. ரெபேக்கா அதட்டவில்லை. இரண்டு நிமிஷம் தானாக முடியும் வரைக்கும் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. படித்து முடித்ததும் போனை வாங்கி அனுப்புவது எப்போதும் அவள்தான். தினமும் கடைசியில் "குடு இங்க" என்று கேட்கும். அழித்துவிட்டு மறுபடி படிக்கச் சொல்ல அங்கேயே பொத்தான் இருக்கிறது. அவள் அதை அழுத்தவில்லை. இதை அப்படியே அனுப்பியிருந்தாள்.

தனபால் இன்னொரு தடவை முதலிலிருந்து கேட்டான். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

"அதனால்தான் யானை இன்றைக்கும் வெறுங்காலோடு நடக்கிறது" என்று படித்தான்.

சிரிக்க வேண்டிய வரி. பாதியில் அவன் குரல் உடைந்துபோனது. ஒன்றே முக்கால் நிமிஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது. சொல்ல எவ்வளவோ இருந்தது. கண்ணு, உன்னைப் பார்க்காமல் அப்பாவுக்கு ஒரு நாளும் விடிவதில்லை என்று சொல்லலாம். அம்மணி, போ என்று சொன்னது நான்தான், தப்பு என்னுதுதான் என்று சொல்லலாம். ஆனால் நாளைக்குக் காலையில் சிட்டு யார் பெயரை எடுத்துக் கொடுக்கும் என்று யார் கண்டது. வகுப்பே உட்கார்ந்து கேட்கும். அவர்கள் முன்னால் நவ்யா தலைகுனியும்படி ஆகக்கூடாது. அதனால் அவன் பேசவில்லை. நிறுத்தவும் மனசு வரவில்லை. நேரம் தானாகத் தீரும் வரைக்கும் போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தான். பிறகு அனுப்பினான். நவ்யாவின் வாசிப்புக்குக் கீழே அதுவும் போய் உட்கார்ந்தது.

மறுநாள் காலை எட்டேமுக்காலுக்கு, 'இந்த எண் நீக்கப்பட்டது' என்று சிட்டு கடைசியாக ஒரு தடவை சிணுங்கி அணைந்தது. அப்போது தனபால் பல்லடம் தாண்டி, கோயமுத்தூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.